கேமரா பதினேழு

முதலில் மாடு.
அடுத்ததும் மாடு.
பொங்கலுக்குக் கொம்பில் பூசிய நீலம்
சித்திரை வந்தும் போகாத
அதே அஞ்செட்டி மாடு.

கரண்ட் இருக்கும் நேரமெல்லாம்
காட்டைப் பார்ப்பது என் வேலை.
தேன்கனிக்கோட்டையில்
பஸ் ஸ்டாண்டின் ஹாரன் விடாமல் கேட்கும் அறையில்
பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள்.
மாட்டுக்கு ஒன்று அழுத்த வேண்டும்.
மானுக்கு இரண்டு, பன்றிக்கு மூன்று,
யானைக்கு நான்கு, மனிதருக்கு ஐந்து.
காற்றில் ஆடிய புல்லைப் பார்த்துக்
கேமரா ஏமாந்திருந்தால் பூஜ்யம்.
புலிக்கு ஒன்பது.
என் கீபோர்டில்
இன்னும் தேயாத எண் அது.

ஒருநாள் வெடித்துக் கிடந்த ஏரி ஒன்று
திரை முழுக்க வந்து நின்றது.
பூஜ்யத்தில் விரலை வைத்துவிட்டேன்.
மூலையில் ஒரு கண்,
ஈரமாக, கீழே பார்த்தபடி.
நான்கு.

இன்னொரு முறை
கரடி லென்ஸை நக்கிவிட்டுப் போனதில்
மூன்று வாரம் காட்டில் ஓயாத பனிமூட்டம்.

கணக்கெடுப்புக்கு ஆள் போதவில்லையென்று
வைகாசியில் என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.
உரிகம் தாண்டியதும் நடை.
முன்னால் போனான் முனிமாதன்,
வேட்டைத் தடுப்புக் காவலன்,
என்னைவிட ஆறு வயது சின்னவன்.
வழியெல்லாம் பைக் லோன் பற்றிப் பேசினான்,
மூன்று மாதமாக வராத சம்பளம் பற்றியும்.
நடுவில் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு
மூக்கைத் தூக்கினான். நின்றோம்.
"யானை" என்றான், உதட்டால் மட்டும்.
மூங்கில் ஒன்று எங்கோ முறிந்தது.
காற்று திரும்பியது.
விட்ட இடத்திலிருந்து மறுபடியும் லோன்.

நான் எதையும் பார்க்கவில்லை.
எதிரே வந்தது ஒரு மயில்,
அது எங்கள் தெருவுக்கே வரும்.
இரவுப் படங்களிலேயே பழகிப்போனவளுக்குக்
காடு பச்சையாக இருந்தது
கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வற்றிய ஓடையின் மணலில் தடம்.
நாலு விரல், அகன்ற உள்ளங்கால், நகமில்லை.
முனிமாதன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து
கண்ணாடியை மேலே வைத்து வரைந்தான்.
லோன் ஞாபகமே இல்லாத முகம்.
ஒரு சாண் தள்ளி
இன்னொரு தடம் இருந்தது,
ரப்பர் செருப்பு, சின்னது,
குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது.
எழுந்தவன் என்னைப் பார்த்தான்.
காலால் மணலை இழுத்து
செருப்பை மட்டும் மூடினான்.
நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து
ரொம்ப நேரம் குடித்தேன்.

கேமரா பதினேழின் வயரை
முள்ளம்பன்றி கடித்திருந்தது.
கண் விழிக்கும்போதெல்லாம் அதற்கு
இரண்டாயிரம் ஜனவரி ஒன்று, நள்ளிரவு.
அலுவலகத்தில் கார்டைச் செருகினேன்.
புல். புல். நீலக் கொம்பு. புல்.
ஒரு பெண், வெறுங்கையோடு,
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.
புலி.
அதே பெண், திரும்பி வருகிறாள்,
தலையில் விறகுக் கட்டு.

மூன்றிலும் ஒரே நேரம்.
மூன்றிலும் நள்ளிரவின் மேல் வெயில்.
இடையில் ஓடியது ஒரு நிமிடமா, ஒன்பது நாளா,
கேமராவுக்குத் தெரியாது,
அவளுக்குத் தெரியவே தெரியாது.
புலி கேமராவைப் பார்க்கவில்லை.
தலையைத் தாழ்த்தி
மண்ணை முகர்ந்துகொண்டிருந்தது,
அவள் மிதித்துப் போன இடத்தை.

ரேஞ்சர் இன்னும் வரவில்லை.
வந்தால் இனிப்பு வாங்கி வரச் சொல்வார்,
மேலே அனுப்பச் சொல்வார்,
மேலே இருப்பவர்கள்
ஐந்தையெல்லாம் தனியாக எடுத்து
முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்.

கடைசிப் படத்தில் நான்.
மூடியைத் திறக்கக் குனிந்ததில்
நெற்றி மட்டும், வேர்வையோடு.
ஐந்து.

பிறகு பின்னோக்கிப் போனேன்.
ஒன்பது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது,
இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.
அதற்கு முன்னால் ஒன்று,
பின்னால் ஒன்று,
காற்றில் ஆடிய புல்.